16 மார்க் வாத்தியார்!

போன மாசம் சத்திரம் பஸ் ஸ்டாண்டிலிருந்து உறையூர் போகிற டவுன் பஸ்ஸில் ஒரு பெரியவர் என் கையைப் பார்த்தார். கையில் பத்தாம் வகுப்பு கணக்கு கைடு. அப்புறம் என் மீசையைப் பார்த்தார். மறுபடியும் கைடைப் பார்த்தார். இறங்கும்போது தோளைத் தட்டி, "பரவாயில்ல தம்பி, மனசை விட்டுடாம எழுதுங்க. என் மச்சினன் அஞ்சாவது தடவைதான் பாஸ் பண்ணான்"னு சொல்லிட்டுப் போயிட்டார்.

அய்யா... நான் ஃபெயிலான பையன் இல்லைங்க. பாஸ் பண்ண வைக்கப் போற வாத்தியாருங்க!

ஆமாம் மக்களே, பகல்ல நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டு வரைக்கும் ஹோம் டியூஷன் மாஸ்டர். வாரத்துக்கு நாலு நாள். மாசம் 2,000 ரூபாய். அதுல பாதி மெஸ்ஸுக்கு, மீதி அரியர் ஃபீஸுக்கு. (கணக்கு வாத்தியாருக்கு மூணாவது செமஸ்டர் கணக்கிலேயே அரியர் இருக்குங்கிற ரகசியம் நமக்குள்ள இருக்கட்டும்.)

என்னை மாதிரி ஆளுங்க ஒண்ணு ரெண்டு பேர் இல்லை. மத்திய அரசோட புள்ளியியல் அலுவலகம் 2025-ல கல்விச் செலவு பற்றி ஒரு சர்வே எடுத்தது. நாடு முழுக்க 27 சதவிகிதம் பசங்க டியூஷனோ கோச்சிங்கோ போறாங்களாம். நகரத்தில் 30.7, கிராமத்தில் 25.5. சிட்டிக்கும் பட்டிக்கும் பெரிய வித்தியாசமே இல்லை பாருங்க. இன்னொரு பக்கம், 2009 கல்வி உரிமைச் சட்டத்தின் 28-வது பிரிவு, ஸ்கூல் டீச்சர்கள் தனி டியூஷன் எடுக்கவே கூடாதுங்குது. அந்தக் காலி இடத்துல வந்து உட்கார்றவங்க யாரு? பி.எட். முடிச்சுட்டு வேலைக்குக் காத்திருக்கிற அக்காக்கள், சமையலை முடிச்சுட்டுப் பாய் விரிக்கிற அம்மாக்கள், அப்புறம் செலவுக்குக் காசு இல்லாத நம்ம காலேஜ் பார்ட்டிங்க.

சரி, வேலை எப்படி இருக்கும்?

ஹால்தான் கிளாஸ் ரூம். டி.வி-யை ம்யூட்ல வெச்சுட்டு பாட்டி சீரியல் பார்ப்பாங்க. சத்தம் வராட்டியும் அழுகை வர்ற சீன்ல மூக்கை உறிஞ்சுவாங்க, நம்ம ஹீரோ உடனே திரும்புவான். (என் ஸ்டூடன்ட்டை இந்தக் கட்டுரை முழுக்க ஹீரோன்னே கூப்பிடறேன். பேரைப் போட்டா அடுத்த மாசம் கதவு திறக்காது.) ஆறே முக்காலுக்குக் காபி வரும். பையன் முன்னாடி ஆன்ட்டிக்கு நான் "சார்". வாசல்ல வழியனுப்பும்போது "தம்பி". ஹீரோ ஆரம்பத்தில் அப்பாவுக்குப் பயந்து "சார்"னான். மூணாவது வாரம் "அண்ணா" ஆயிட்டேன்.

பாடம் எடுக்கிறது மட்டும்தான் வேலைன்னு நினைச்சா ஏமாந்துடுவீங்க. ஸ்கூல்ல கொடுத்த ஹோம் ஒர்க்கை நம்ம தலையில கட்டுவாங்க. சயின்ஸ் சார்ட்டுக்கு இதயம் வரையணும். பக்கத்து வீட்டு வாண்டுக்கு டேபிள்ஸ் ஒப்பிக்கக் கேட்கணும். மாசம் முடிஞ்சா சம்பளத்தை வாய்விட்டுக் கேட்க முடியாம, "ஆன்ட்டி, இன்னியோட முப்பது தேதி ஆயிடுச்சுல்ல..."ன்னு காலண்டரைப் பார்த்துக்கிட்டே நிற்கணும். நம்ம செமஸ்டருக்கு நாலு நாள் லீவு போட்டா மட்டும் ஞாபகமா கழிச்சுடுவாங்க!

ஜூன்ல சேரும்போது அங்கிள் ஒரே ஒரு விஷயம் சொன்னார். துவாக்குடியில ஃபேப்ரிகேஷன் யூனிட்டில் வெல்டிங் வேலை. அதிகம் பேச மாட்டார். "சென்டம் எல்லாம் வேணாம் தம்பி. கணக்குல பாஸ் பண்ண வெச்சுடுங்க, போதும்."

இதுக்குன்னே டியூஷன் உலகத்துல ஒரு ஃபார்முலா இருக்கு. பத்தாவது கணக்கு பேப்பர் 100 மார்க். பாஸ் மார்க் 35. கடைசிப் பகுதியில ஜாமெட்ரி ஒண்ணு, கிராஃப் ஒண்ணு, தலா 8 மார்க். ஆக 16. இந்த ரெண்டும் கையோட வேலை. வரைஞ்சு வரைஞ்சு பழகிட்டா யாருக்கும் வரும். முன்னாடி ஒரு மார்க் கேள்வி 14. புக் பேக்கை உருப்போட்டா முக்கால்வாசி அடிச்சிடலாம், முழுசும் அடிச்சா 14. கூட்டுங்க, 30. தேல்ஸ் தேற்றமோ பிதாகரஸ் தேற்றமோ ஒண்ணு வந்தா 5 மார்க். மொத்தம் 35. பாஸ்! எட்டு சாப்டர்ல ஒண்ணும் புரியாமலே கரையேறிடலாம்.

நானும் ஜூலை முழுக்க அதைத்தான் செஞ்சேன். ஹீரோவும் சமர்த்தா வரைஞ்சான். வடிவொத்த முக்கோணம் வரையணும், புது முக்கோணத்தோட பக்கம் பழசுல 3/5 பங்கு. அவன் பென்சில் பிடிக்கிற அழகைப் பார்க்கணுமே. கீழே ஒரு சாய்கோடு, காம்பஸ் வெச்சு சமமா அஞ்சு புள்ளி, அஞ்சாவதை முனையோட சேர்த்து, மூணாவதிலிருந்து இணைகோடு. சும்மா ஜம்முனு உள்ளுக்குள்ள ஒரு குட்டி முக்கோணம். வெல்டர் மகனாச்சே, கை நடுங்கவே நடுங்காது.

அடுத்த நாள் 7/4 கொடுத்தேன்.

நாலே நாலு புள்ளி வெச்சுட்டுத் திருதிருன்னு முழிச்சான். "அண்ணா, ஏழாவது புள்ளி எங்கண்ணா?"

"இப்போ புது முக்கோணம் பெருசா வருமா, சின்னதா வருமா?"

யோசிக்கவே இல்லை. "சின்னதுதாண்ணா."

"எப்படிடா?"

"ஃப்ராக்ஷன்னாலே ஒண்ணை விடச் சின்னதுதானே?"

நான் ஒரு நிமிஷம் ஒண்ணும் பேசலை. பத்தாவது படிக்கிற பையன். இருபடிச் சமன்பாட்டுக்கு ஃபார்முலாவைக் கண்ணை மூடிக்கிட்டு ஒப்பிக்கிறவன். அவனுக்கு 7/4-ங்கிறது ஒரு நம்பரே இல்லை. மேல ஒரு ஏழு, கீழ ஒரு நாலு, நடுவில் ஒரு கோடு. அவ்வளவுதான்.

அன்னிக்கு டின்னருக்கு தோசை. சமையல்கட்டிலிருந்து ஒண்ணு வாங்கிட்டு வரச் சொன்னேன். "இதை நாலா பிய்யி. ஒரு துண்டு என்ன?" "1/4." "மூணு துண்டு?" "3/4." "ஏழு துண்டு எடு பார்ப்போம்." தட்டைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "இன்னொரு தோசை வேணும்ணா"ன்னான். சொல்லிட்டு அவனே நிறுத்தினான். "அப்போ... ஒண்ணை விடப் பெருசா?"

சார் கொலைப்பசியில இருக்கார்னு நினைச்சு ஆன்ட்டி அடுத்தடுத்து மூணு தோசை கொண்டுவந்து வெச்சாங்க. கணக்கு முடிஞ்சதும் சாட்சியங்களை நாங்க சாப்பிட்டுட்டோம்.

அன்னிக்கு ராத்திரி பஸ்ல வரும்போது விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். 2025-26-ல பத்தாவதுன்னா, 2020-21-ல இவன் அஞ்சாவது. அந்த வருஷம் இவன் ஸ்கூல் வாசலையே மிதிக்கலை. 2020 மார்ச்ல மூடினது, ஒண்ணுலேர்ந்து எட்டாவது வரைக்கும் தமிழ்நாட்டில் திறந்தது 2021 நவம்பர் 1-ம் தேதி. அதாவது அஞ்சாவது முழுசு, ஆறாவதுல பாதி போச்சு. பின்னத்தைக் கூட்டு, கழி, ஒப்பிடுன்னு பழக வேண்டிய வயசு சரியா அந்தப் பள்ளத்துக்குள்ள விழுந்திருக்கு. எட்டாவது வரை ஃபெயில் கிடையாது, தள்ளிக்கிட்டே வந்திருக்காங்க. பள்ளத்து மேல பலகையைப் போட்டு பலகை மேலேயே அஞ்சு வருஷமா நடந்து வந்திருக்கான் பையன். நானும் என் பங்குக்கு 16 மார்க் பலகை ஒண்ணைப் போட்டுட்டு இருந்திருக்கேன்.

அரசாங்கமும் சும்மா இருக்கலை. 2021-லேயே 'இல்லம் தேடிக் கல்வி' ஆரம்பிச்சு, தெருவுக்குத் தெரு தன்னார்வலர்கள் சாயங்காலத்தில் பசங்களை உட்கார வெச்சாங்க. அது நல்லா நடந்த தெருக்களும் உண்டு. நம்ம ஹீரோவோ இங்கிலீஷ் மீடியம், பிரைவேட் ஸ்கூல். அங்கே போய் உட்கார அவங்க வீட்டில் யாருக்கும் தோணலை.

எனக்கு என்ன செய்யறதுன்னு புரியலை. ஸ்ரீரங்கத்தில் என் ஃபிரெண்டோட சித்தி பல வருஷமா டியூஷன் எடுக்கறாங்க. ஏரியாவுக்கே 'டியூஷன் மிஸ்'. அஞ்சரை மணிக்குப் போனேன். திண்ணையில் பதினஞ்சு பசங்க, ஆறாவதுலேர்ந்து பத்தாவது வரைக்கும் கலந்துகட்டி. ஒன்பதாவது பொண்ணு ஏழாவது பையனுக்குச் சொல்லிக் கொடுத்துட்டு இருக்கு. மிஸ் நடுவுல உட்கார்ந்து கொத்தவரங்காய் கிள்ளிட்டு இருக்காங்க. காது மட்டும் பதினஞ்சு பக்கமும் இருக்கு.

நான் கதையைச் சொன்னதும் சிரிச்சாங்க. "இதுக்கு ஜூலை முடியணுமா? புதுசா ஒரு பிள்ளை வந்தா முதல் வாரம் நான் பாடமே எடுக்க மாட்டேன்டா. ரஃப் நோட்டைத்தான் பார்ப்பேன். எங்கே அதிகமா ரப்பர் போட்டுத் தேய்ச்சிருக்குன்னு பாரு. பேப்பர் கிழிஞ்ச இடத்துலதான் அதுக்குத் தெரியாதது இருக்கும்."

வாசல் வரைக்கும் வந்து இன்னொண்ணும் சொன்னாங்க. "நீ பக்கத்துல உட்கார்ந்தா போடறானா? நீ இல்லேன்னாலும் போடறானான்னு பார்த்தியா?"

பார்த்ததில்லையே! மறுநாள் கவனிச்சேன். அடப்பாவி... பயல் கணக்கைப் பார்த்துப் போடலை, என் மூஞ்சியைப் பார்த்துப் போடறான்! ப்ளஸ் போட பென்சிலைக் கொண்டு போவான், என் புருவம் லேசா ஏறினா அப்படியே மைனஸா மாத்திடுவான். நான் தலையாட்டினா அடுத்த ஸ்டெப். மூணு மாசமா அவன் எழுதினதில் பாதி என் புருவம் போட்ட கணக்கு. பப்ளிக் எக்ஸாம் ஹாலுக்குப் புருவத்தைக் கழட்டியா கொடுத்து அனுப்ப முடியும்? அன்னியிலிருந்து அவன் எழுதும்போது நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துட்டேன். முதல் வாரம் பயங்கரம். குவார்ட்டர்லியில 24.

அந்த 24 வந்த வாரம்தான் அங்கிள் சீக்கிரமா வீட்டுக்கு வந்துட்டார். நோட்டை எடுத்துப் புரட்டினார். பக்கம் பக்கமா பின்னம். 2/3 பெருசா 3/5 பெருசா, 1/2-ஐயும் 1/3-ஐயும் கூட்டு...

"என்ன தம்பி இது? பத்தாவது பையனுக்கு அஞ்சாங்கிளாஸ் கணக்கு?"

விளக்கிப் பார்த்தேன். எடுபடலை. "மார்ச்ல பரீட்சை. இதையெல்லாம் பரீட்சையில கேட்பானா? மத்தவங்க எல்லாம் அந்தப் படம், கிராஃபு அதைத்தான் திருப்பித் திருப்பிப் போட வைக்கிறாங்களாமே." அவர் கேட்டதில் தப்பில்லை. 2,000 ரூபாய் அவருக்கு எத்தனை ஓவர்டைம்னு எனக்குத் தெரியும்.

அப்புறம்தான் அந்தக் கேள்வி வந்தது. "நீங்க பத்தாவதுல கணக்குல எவ்வளவு தம்பி?"

பொய் சொல்லியிருக்கலாம். யார் கேட்கப் போறா? ஆனா ஹீரோ பக்கத்துலேயே உட்கார்ந்திருந்தான்.

"நான் பத்தாவது பரீட்சையே எழுதலை அங்கிள்."

பாட்டியே டி.வி-யை விட்டுட்டுத் திரும்பினாங்க.

எங்க பேட்ச் 2021. கொரோனா. மொத்த தமிழ்நாட்டுக்கும் ஆல் பாஸ். மார்க் ஷீட்ல மார்க்கே கிடையாது, 'பாஸ்'னு மட்டும்தான் இருக்கும். எங்க காலேஜ்ல என் வருஷத்துப் பசங்க முக்கால்வாசிப் பேர்கிட்ட அந்த மாதிரி ஒரு ஷீட் இருக்கு. ஆன்லைன் கிளாஸை ம்யூட்ல போட்டுத் தூங்கின கதையைச் சொல்லி இன்னிக்கும் சிரிப்போம். ஆனா ப்ளஸ் ஒன் போனப்போ முதல் மூணு மாசம் ஒண்ணும் ஏறாம நான் பட்ட பாட்டை யாருக்கும் சொன்னதில்லை. அதை அன்னிக்கு அங்கிள்கிட்ட சொன்னேன். ப்ளஸ் ஒன் புக்கை மூடி வெச்சுட்டு பத்தாவது புக்கைத் திருட்டுத்தனமா எடுத்து உட்கார்ந்தது, ப்ளஸ் டூவில 91 வந்தது, எல்லாத்தையும்.

அங்கிள் கொஞ்ச நேரம் நோட்டையே பார்த்துட்டு இருந்தார்.

"அப்போ வீட்டுல ஒரே போன்தான் தம்பி. கம்பெனி மூடிட்டாங்க. லோடு ஆட்டோ ஓட்டிட்டு இருந்தேன். போன் இல்லேன்னா லோடு வராது. காலையில எடுத்துட்டுப் போனா ராத்திரிதான் வருவேன். பாடம் எல்லாம் அதுலதான் அனுப்பினாங்க."

அதுக்கு மேல அவர் பேசலை. ஹீரோ தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தான். நோட்டை மூடி மகன் கையில கொடுத்துட்டு, "ஹாஃப் இயர்லி வரைக்கும் பாருங்க. ஆனா அந்தப் படமும் விட்டுடாதீங்க"ன்னார்.

விடுவேனா? அதுலயும் எனக்கு வீராப்பு ஒண்ணும் கிடையாது பாஸ். புரிஞ்சுதான் படிக்கணும்னு டயலாக் பேசிட்டு ஜாமெட்ரியை விட்டா, பையன் ஃபெயில் ஆவான். நான் வேற வீடு பார்த்துட்டுப் போயிடுவேன், அவன் எங்கே போவான்? அதனால முதல் அரை மணி பின்னம், அடுத்த அரை மணி படமும் கிராஃபும், கடைசி அரை மணி ஒன் வேர்ட். ஞாயிறுக்கு ஞாயிறு ஒரு மணி நேரம் எக்ஸ்ட்ரா. அதுக்குக் காசு கேட்கலை. கேட்டிருக்கலாமோன்னு இன்னிக்கும் ஒரு ஓரத்துல தோணுது. ஹி... ஹி...

2025 டிசம்பர் ஹாஃப் இயர்லி. ஜாமெட்ரியில ரெண்டு கேள்வி கொடுத்து ஒண்ணை எழுதச் சொல்லியிருந்தாங்க. ஒண்ணு வட்டத்துக்குத் தொடுகோடு. தூக்கத்துல எழுப்பிவிட்டாலும் வரைவான். இன்னொண்ணு வடிவொத்த முக்கோணம், 7/3. மனுஷன் எதை எடுத்திருக்கணும்? ஹீரோ 7/3-ஐ எடுத்திருக்கான்! பேப்பரைப் பார்த்தேன். ஏழு புள்ளி, மூணாவதிலிருந்து ஒரு கோடு, ஏழாவதிலிருந்து இணைகோடு. வெளியே பெருசா ஒரு முக்கோணம். எட்டுக்கு எட்டு. ஓரத்துல பென்சில்ல பொடி எழுத்துல '2 தோசை + 1 துண்டு'ன்னு எழுதி, அழிச்சும் அழிக்காம விட்டிருந்தான்.

கிராஃப்ல ஸ்கேலைத் தப்பா எடுத்து 5 மார்க் கோட்டை விட்டான். மொத்தம் 39. ஆன்ட்டி அன்னிக்கு கேசரி கிளறினாங்க. அங்கிள், "39-ஆ... சரி"ன்னார். அவர் அகராதியில அது பெரிய வார்த்தை. உடனேயே, "ஒன் வேர்ட்ல நாலு போயிருக்கே தம்பி"ன்னார். ஆமா, போயிருக்கு.

போன வியாழக்கிழமை பஸ் பிரேக் டவுன். இருபது நிமிஷம் லேட்டா போய் நின்னேன். வழக்கமா நான் வர்ற வரைக்கும் ஹீரோ பாட்டியோட சீரியல் பார்ப்பான். அன்னிக்கு நோட்டைத் திறந்து வெச்சு உட்கார்ந்திருந்தான். மூணு கணக்கு போட்டு முடிச்சிருக்கான். எட்டிப் பார்த்தேன், ரெண்டாவது தப்பு. வாயைத் திறக்கப் போனேன். கையை நோட்டு மேல வெச்சு மறைச்சான்.

"நான் கேக்கறப்ப பாருங்கண்ணா."

சரிடா ராசான்னு ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தேன். காபி வந்தது. செய்யறதுக்கு ஒண்ணும் இல்லை. பையைத் துழாவினா என் மூணாவது செமஸ்டர் கணக்கு புக் கையில் தட்டுப்பட்டது. அட, எனக்கும் ஏப்ரல்ல அரியர் இருக்குல்ல!